கருவாட்டில் பூத்த சிவப்பு

நேயர்களே, வணக்கம். சேலத்துச் சந்தையில் கருவாடு வாங்கி வைத்திருப்பீர்கள். மழைக்காலத்தில் சில சமயம் அதன் மேல் இளஞ்சிவப்பாகப் படரும். தொட்டால் கொழகொழவென்று இருக்கும். "உப்பு பத்தலைடா" என்பார் அம்மா. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். உப்பு நிறைய இருந்ததால்தான் அது வந்தது! உப்பளத்திலிருந்து கல் உப்போடு கூடவே வந்த நுண்ணுயிர் அது. (அந்தக் கருவாட்டைச் சமைத்துவிடாதீர்கள்.)

கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் அந்தச் சிவப்பைச் சுரண்டி, நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு உப்புப் போட்ட அகர் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) தடவினேன். கடல்நீரிலேயே மூன்றரை பங்குதான், பாருங்கள். பத்து நாள் ஒன்றும் முளைக்கவில்லை. "கொட்டிடலாமா சார்?" என்று மாணவர்கள் கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள்! ஒரு பெண் அவசரத்தில் அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஒன்றுமே இல்லை. மேட்டூர்த் தண்ணீர் பட்டதும் செல்லெல்லாம் வெடித்துக் கரைந்துவிட்டன. நமக்குச் சோறு போடும் காவிரி அதற்கு எமன். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

அடுத்த தட்டில் இந்த உப்பு நுண்ணுயிர்களில் ஒரு வகையைப் புல்தரை போலப் பரப்பி, நடுவே இன்னொரு வகையைப் பொட்டாக வைத்தோம். பொட்டைச் சுற்றி ஒரு வளையம், அதற்குள் எதுவும் வளரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை அண்டவிடாமல் அது கக்கிய புரதம்தான் ஹாலோசின். 1982-ல் ஸ்பெயின் நாட்டு ரோட்ரிகஸ் வலேரா குழுவினர் முதலில் இதைச் சொன்னார்கள். ஹாலோசினை உண்டாக்குபவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். ஹாலோசின் பெரும்பாலும் சொந்தக்காரர்களைத்தான் கொல்லும். நம் காய்ச்சலுக்கு நேரடி மருந்தாகாது.

ஆனால் உப்பு விரும்பும் பாக்டீரியாவும் உண்டு. ஏற்காட்டில் கோடை மழை விழுந்ததும் மண்வாசனை எழுகிறதே, அதைத் தருவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியா. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல் அந்தக் குடும்பத்திடமிருந்துதான் கிடைத்தது. அதன் உறவுக்காரர்கள் உப்பளச் சேற்றிலும் வாழ்கிறார்கள். அவற்றில் சில, நம்மைத் தாக்கும் கிருமிகளையும் ஆய்வகத் தட்டில் தடுத்திருக்கின்றன. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவரும் இந்த நாளில், வேதாரண்யத்து உப்பளச் சேற்றையும் துழாவியே ஆக வேண்டும் என்பேன்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஹாலோசினுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஹெச்7 என்ற ஹாலோசினை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், ரத்தம் தடைபட்ட இதயத்தசையின் சேதம் குறைந்திருக்கிறது. மனிதருக்கு இன்னும் வரவில்லை. வணக்கம்.