பொக்லைன் ஓடும் சைட்டில் ஃபோர்மேனுக்கு என்ன வேலை?

[காட்சி: பொக்லைன் மண்ணை அள்ளி டிப்பரில் கொட்டுகிறது. சற்றுத் தள்ளி ஃபோர்மேன் நிற்கிறார்.]

வண்டியை ஓட்டுபவர் ஆபரேட்டர். எந்த லிவரையும் தொடாமல் தள்ளி நிற்பவர் ஃபோர்மேன். சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும். ஆனால் இன்றைக்கு எத்தனை லோடு மண் வெளியே போகும், மாலையில் எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேருவார்களா என்ற இரண்டுக்கும் பொறுப்பு அவர்தான்.

[காட்சி: காலை. இன்ஜின் இன்னும் போடவில்லை.]

முதல் வேலை, ஆபரேட்டரோடு சேர்ந்து வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவது. இன்ஜின் ஆயில், கூலன்ட், டிராக்கின் (வண்டி ஊர்ந்து போகும் இரும்புச் சங்கிலிப் பட்டை) இறுக்கம், பக்கெட் பல்லைப் பிடித்திருக்கும் பின் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸில் (அழுத்தத்தில் ஆயில் ஓடும் ரப்பர் குழாய்) கசிவு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டை போதும். அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியதுபோல ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். முதலில் வலிகூடப் பெரிதாக இல்லாமல் போகலாம். ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், அது நனைந்தால் கசிவு. புதிதாகச் சேரும் ஹெல்பருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

[காட்சி: வரிசையாக டிப்பர்கள்.]

அப்புறம் கணக்கு. பக்கெட் 1 கன மீட்டர், டிப்பர் 14 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை அள்ளிக் கொட்ட 20 விநாடி என்றால், ஒரு டிப்பர் நிறைய ஏறக்குறைய 5 நிமிடம். அது போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 30 நிமிடம். ஆக ஒரு நடைக்கு 35 நிமிடம், அதை 5-ஆல் வகுத்தால் 7 டிப்பர் தேவை. 5 டிப்பர்தான் இருந்தால் பொக்லைன் டீசலைக் குடித்துக்கொண்டு சும்மா நிற்கும். 10 இருந்தால் டிப்பர்கள் நிற்கும். இன்னொன்று, வெட்டிய மண் உப்பும். தரைக்குள் 100 கன மீட்டராக இருந்தது, மண்ணின் வகையைப் பொறுத்து வெளியே 120, 130 ஆகிவிடும். இதை மறந்துவிட்டு லோடு கணக்குப் போட்டால் மாலையில் கட்டாயம் இடிக்கும்.

டிப்பரை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். பொக்லைன் அரைவட்டம் திரும்பிக் கொட்டுவதைவிட, கால்வட்டத்துக்குள் கொட்டினால் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சில விநாடி மிச்சம்.

[காட்சி: மேலிருந்து. வண்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

இந்த வட்டத்தைக் கவனியுங்கள். பூம், அதாவது பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கை, எவ்வளவு தூரம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளை நசுக்குவது பெரும்பாலும் பின்பக்கம்தான். வண்டி திரும்பும்போது கவுன்டர்வெயிட்டும், அதாவது வண்டி முன்னால் சாயாமல் இருக்கப் பின்னால் வைத்திருக்கும் கனத்த இரும்பும், சுற்றி வரும். சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரை ஆபரேட்டரால் பார்க்க முடியாது. அதனால் அந்தப் பக்கம் தடுப்புப் போட்டு அடைத்தே ஆக வேண்டும், "பார்த்துப் போங்கப்பா" என்று சொன்னால் மட்டும் போதாது. சிக்னல் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யார் கை காட்டினாலும் வண்டி நிற்க வேண்டும்.

[காட்சி: பள்ளத்தின் விளிம்பு.]

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை வரும். சரிந்தால் இடுப்புவரை புதைந்தவர்கூடத் தானாக ஏறி வர முடியாது. பள்ளம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஆழம் கூடக் கூட இன்னும் தள்ளி. மழை பெய்த மறுநாள், முந்தைய நாள் நன்றாக நின்ற சுவரையும் நம்பக் கூடாது. விளிம்பையொட்டி நீளவாக்கில் மெல்லிய விரிசல் தெரிகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே ஆளை இறக்க வேண்டும். வேலை பின்தங்கியிருக்கிறது, மேலிருந்து போன் வருகிறது என்றாலும் சரி. இங்கே ஃபோர்மேன் விட்டுக்கொடுக்கவே கூடாது.

[காட்சி: மாலை. பக்கெட் தரையில் இறங்குகிறது.]

லாக் ஷீட் (வண்டி ஓடிய நேரக் குறிப்பு), டீசல் கணக்கு எல்லாம் பத்து நிமிட வேலை. பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் வேலை கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். அடுத்த ஷிஃப்ட் ஃபோர்மேனிடம் எந்த ஹோஸ் ஈரமாக இருந்தது, எந்தப் பக்கம் மண் இளகியிருக்கிறது என்பதை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கைகாட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.