கடைமடைக்கு எப்போது தண்ணீர்?

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை. கேட்ட நண்பர்கள் விரும்பியதால் எழுத்தில் தருகிறேன்.)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போகவேண்டியிருந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, ஆலய நிர்வாகத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியைகளே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, காலையிலிருந்து சமையற்கட்டை விட்டு வெளியே வராமல், இப்போது கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் டத்தோ மன்னித்துவிடுவார். சகோதரிகளை விட்டிருந்தால் எனக்கு இன்று சாப்பாடு கிடைத்திருக்காது. டத்தோ அவர்கள் இந்தப் பள்ளியின் கூரைக்கு உதவியதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன். அவர் அனுப்பி வைத்த நாற்காலிகளில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நடுவில் எழுந்து போவது மரியாதை ஆகாது.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வட்டார வளர்ச்சியும் சமூக முன்னேற்றமும்’. நான்கு செய்திகள் பேசலாம் என்று வந்தேன். பினாங்கு எப்படி எழுந்தது, ரப்பர்த் தோட்டத்து மக்கள் அதில் ஏன் பின்தங்கினார்கள், கெடா, பெர்லிஸ், வட பேராக் எல்லாம் சேர்ந்த வட மண்டலத் திட்டம் என்ன ஆயிற்று, பெண்களுக்கான சிறுகடன் எப்படி இருக்கவேண்டும். நான்கையும் ஒரே பழமொழியில் கட்டிவிடலாம். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது சலித்திருக்கும். ஏரி நிறைந்தால் கரை கசியும்.

பொருளாதாரம் படித்த பெரியவர்கள் இதைத்தான் தடித்த புத்தகங்களில் சொல்கிறார்கள். மேலே பணம் நிறையட்டும், கீழே தானாக வரும் என்கிறார்கள். நம் பாட்டன்மார் ஏரிப் பாசனம் பார்த்தவர்கள். கரை கசியும் என்று சொன்ன அதே ஊரில்தான் மதகு வைத்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், கடைமடைக்குத் தண்ணீர் விட முறை வகுத்தார்கள். கசிவை நம்பி யாரும் நாற்று நடவில்லை.

முதலில் ஏரி எப்படி நிறைந்தது என்று பார்ப்போம். 1967 நவம்பர். பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு இறங்கியது. அதோடு நம்முடைய பழைய நோட்டின் மதிப்பும் இறங்கி, ஒரு வெள்ளி 85 காசு ஆனது. பாயின் அடியில் சேர்த்து வைத்திருந்த ஏழைக்குத்தான் அடி. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஹர்த்தால் (கடையடைப்பு) நடந்தது, கலவரம் ஆனது, ஊரடங்கு வந்தது. அதையடுத்து, பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்து இந்தத் தீவு வைத்திருந்த சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியும் போயிற்று. துறைமுகத்தை நம்பிய ஊர் அல்லவா இது? மூட்டை தூக்கியவர், தொங்காங் என்ற சரக்குப் படகில் இருந்தவர், சரக்குக் கணக்கு எழுதியவர் எல்லோரும் வேலை தேடி அலைந்தார்கள்.

1969இல் லிம் சோங் யூ முதலமைச்சரானார். மருத்துவர். 1990 வரை இருந்தார். அவரிடம் என்ன இருந்தது? வருமான வரி கூட்டரசின் கையில், சுங்க வரியும் அங்கேதான். மாநில அரசின் கையில் இருந்தது நிலம் ஒன்றே. அந்த நிலத்தை வைத்துத்தான் அவர் வேலை செய்தார். அதே 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் வந்தது. நேதன் நிறுவனத்து ஆலோசகர்கள் 1970இல் கொடுத்த அறிக்கை, ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளைக் கொண்டுவாருங்கள் என்றது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுங்கமில்லாத் தொழில் வட்டாரம் திறந்தது. வயற்காட்டை மேடாக்கி, சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் வைத்து, ‘வாருங்கள், நாளைக்கே கட்டலாம்’ என்று அழைத்தார்கள். இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரானிக்ஸ். ‘எட்டு சாமுராய்கள்’ என்று இந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் இவைதான். 1975இல் இன்டெல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. அவர்கள் மூட்டை கட்டிப் போய்விடவில்லை, திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு உலகத்தில் செமிகண்டக்டர் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். அதில் பெரும்பங்கு இந்த மாநிலத்தினுடையது.

வரிச்சலுகை கொடுத்த ஊர்கள் உலகத்தில் ஆயிரம் உண்டு. சலுகை முடிந்ததும் ஆலையைப் பூட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போன கம்பெனிகளும் ஆயிரம். பினாங்கில் தங்கியதற்கு என் கணக்கில் பெரிய காரணம் 1989இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய திறன் மேம்பாட்டு மையம். சந்தையில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளும் கம்பெனிகள் அங்கே ஒரே கூரையின் கீழ் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தன. என்ன பாடம் வேண்டும் என்று அமைச்சு சொல்லவில்லை, ஆலை சொன்னது. மாநில அரசு இடம் கொடுத்தது. மதகு வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான். டத்தோ அவர்கள் குறித்துக்கொள்கிறார், நன்றி.

இனித் தோட்டம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏழைகள். அதன்பின் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்போம் என்று எழுதிக்கொண்டு தொடங்கியது. கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது, சாலை வந்தது. தோட்டத்து வாசலில் அது நின்றுவிட்டது. தோட்டம் தனியார் சொத்து, கிராம வளர்ச்சிப் பணம் அதற்குள் வராது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங்கில் (கிராமத்தில்) மின்விளக்கு எரியும், இந்தப் பக்கம் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலை போன அன்றைக்கே வீடும் போயிற்று, ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இதை முன்பே பார்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாக வாங்கித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். அவர் வாங்கியது போக, மற்ற இடத்திலெல்லாம் துண்டு போட்டு விற்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் ஓர் அக்கா. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போகிறவர். எழுபதுகளில் பிறையில் ஒரு மின்னணு ஆலை ஆள் எடுக்கிறது என்று செய்தி வந்தது. அக்கா போகிறேன் என்றார். அவருடைய பாட்டி விடவில்லை. “கரண்டு கம்பெனியாடி? கரண்டு அடிச்சா யாரு வந்து பதில் சொல்றது?” லயம் முழுக்கக் கூடிவிட்டது. ஒருத்தர், அங்கே போனால் முடியை வெட்டிவிடுவார்கள் என்றார். இன்னொருத்தர், கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துக் கண் போய்விடும், அப்புறம் எவன் கட்டுவான் என்றார். தோட்டத்து எழுத்தரான கிராணி வந்து, அது பாட்டரி அளவுக் கரண்டுதான் பாட்டி என்று சத்தியம் பண்ணினார். பாட்டி, சத்தியத்தை மாரியம்மன் முன்னால் பண்ணு என்றார். பண்ணினார் பாவம்.

நேர்முகத் தேர்வில் ஓர் இடுக்கியைக் கொடுத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, முடி போன்ற கம்பியை எடுத்து வைக்கச் சொன்னார்கள். மற்ற பெண்களுக்குக் கை நடுங்கியது. அக்காவுக்கு நடுங்கவில்லை. எப்படி நடுங்கும்? பால்மரத்துப் பட்டையைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் மரம் காயப்படும், கங்காணி அப்பன் பாட்டன் வரைக்கும் ஏசுவார். இருட்டில் பட்டை சீவிப் பழகிய கை அது! வந்திருந்த அதிகாரி, நீ முன்னால் எந்தக் கம்பெனியில் இருந்தாய் என்று கேட்டாராம். அக்கா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் அப்படி ஒரு கம்பெனியா என்று எழுதிக்கொண்டார்!

முதல் நாள் வேலை முடிந்து வந்தார், உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. குளிரூட்டி போட்ட அறையில் எட்டு மணி நேரம். பாட்டி தொட்டுப் பார்த்தார். பேய் அடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டார். திருநீறு போட்டு, வேப்பிலை அடித்து, மறுநாள் அக்கா அப்பாவுடைய தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். முதல் சம்பளத்தில் பாட்டிக்குச் சேலை. அப்புறம் பாட்டியே பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போய், “எங்க வூட்டுப் பிள்ளை கரண்டு கம்பெனி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிரித்துவிட்டீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். சில வருடத்தில் அக்கா லைன் லீடர். தொழில்நுட்பர் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாலை வகுப்பு. வகுப்பு முடியும்போது கம்பெனி பஸ் போயிருக்கும், நிபோங் திபாலுக்குக் கடைசிப் பொது பஸ்ஸும் போயிருக்கும். அண்ணனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, அவருக்கு இரவு வேலை. வாடகைக்கு அறை எடுக்கப் பணமும் இல்லை, வீட்டில் சம்மதமும் இல்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அக்கா லைன் லீடராகவே ஓய்வு பெற்றார். ஏரி நிறைந்துதான் இருந்தது ஐயா, அவருடைய காலுக்கடியில் நிறைந்திருந்தது. ஒரு பஸ் இல்லாததால் வாய்க்கால் திறக்கவில்லை.

இன்று என்ன நிலைமை? அவருடைய பேத்திக்குப் பக்கத்து ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. விடுதியில் இடம் இல்லை. மாற்றி மாற்றி பஸ் ஏறவேண்டும். அப்பா கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார், அவருடைய காரில் போனால் அவருடைய காலை வருமானம் போயிற்று. இப்போது சொல்லுங்கள், இது கல்வித்துறைப் பிரச்சினையா, போக்குவரத்துப் பிரச்சினையா? அமைச்சுகள் ஒன்றை ஒன்று கைகாட்டும்.

புள்ளிவிவரமும் நம்மைத் தேடி வராது. குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) வருமானத்தை வறுமைக் கோடாக வைத்து, 2016இல் நாட்டில் ஏழைகள் 0.4 விழுக்காடு என்றார்கள். 2020இல் அந்த வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள், 2019ஆம் ஆண்டுக் கணக்கே 5.6 விழுக்காடு ஆனது. இடையில் யாரும் புதிதாக ஏழையாகவில்லை. முன்பு கணக்கில் எழுதப்படாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். செபராங் பிறையின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கி பழுதாகி ஏழாம் மாடிக்குச் சிலிண்டர் சுமக்கிற தாயிடம் கேட்டிருந்தால் 2016லேயே சொல்லியிருப்பார்.

2024 மே மாதம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தார்கள். 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போகிறோம், 2,500 கோடி வெள்ளி அரசு ஒதுக்கீடு என்றார்கள். நல்லது. இந்தப் பள்ளியில் இப்போது ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகள் அந்த 60,000 பேரில் இருக்கவேண்டாமா? அதற்கு முதல் படி பட்டப்படிப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. மருத்துவர், வழக்கறிஞர் என்றே நம் மேடைகள் பேசிப் பேசி, பெர்மாத்தாங் பாவ்வில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாமல் போய்விட்டது. டிப்ளோமா முடித்த தொழில்நுட்பரைத்தான் ஆலைகள் தேடுகின்றன.

என் யோசனையை நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன், ஆலயத் தலைவர் இருக்கும்போதே இங்கும் சொல்கிறேன். தைப்பூசத்தில் தண்ணீர்மலை போகும் வழியில் எத்தனை தேங்காய் உடைக்கிறோம்! வேண்டுதலில் நான் கை வைக்கமாட்டேன். நூற்றெட்டு என்று வேண்டினால் நூற்றெட்டும் உடையுங்கள். நூற்றொன்பதாவது தேங்காயின் விலையை மட்டும் ஓர் உண்டியலில் போடுங்கள். அந்தப் பணத்தில் தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேன், வாடகைக்கு ஒரு வீடு, பெண் பிள்ளைகளோடு தங்க ஒரு பொறுப்பான அம்மா. கணக்கை ஒவ்வொரு மாதமும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்குப் பணம் கொடுப்பதைவிடக் கணக்குக் கேட்பதில் ஆர்வம் அதிகம். கேட்கட்டும், நல்லதுதான். சிலர், முருகனுக்கு இது பிடிக்குமா என்கிறார்கள். பிள்ளை படித்தால் பிடிக்காத சாமியை நான் பார்த்ததில்லை.

கோயில் செய்ய ஆரம்பித்தால் அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளும் என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. வேன் ஓடி, அதில் பிள்ளைகள் நிறைந்து, பெயர்ப் பட்டியலோடு நாம் போய் நின்றால்தான் இந்தத் தடத்தில் ஆள் இல்லை என்று பஸ் விடுகிறவர்கள் சொல்ல முடியாது. பட்டியல் இல்லாமல் மனுக் கொடுத்து, தேநீர் குடித்துவிட்டு வந்த அனுபவம் இங்கே பல பேருக்கு உண்டு.

வட மண்டலத் திட்டம் 2007இல் தொடங்கியது, அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். சிறுகடனைப் பற்றியும் இருக்கிறது, கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கதை. தலைவர் மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசனையும் வந்துவிட்டது. அவற்றை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஒரே ஒரு விண்ணப்பம். ஏரி நிறைந்தால் கரை கசியும் என்று டத்தோ போன்றவர்கள் மேடையில் சொல்வது வழக்கம், நானும் சொல்லியிருக்கிறேன். இன்று டத்தோ அவர்கள் வேறு ஒன்று சொல்லவேண்டும். நிபோங் திபாலிலிருந்து பெர்மாத்தாங் பாவ் வரை, மாலை வகுப்பு விடும் நேரத்துக்கு ஒரு பஸ் கேட்டு எழுதுகிற கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்குமா? மாண்புமிகு உறுப்பினர் இரண்டாவதாகப் போடுவார், தலையாட்டிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள். கடிதம் அதோ அந்த மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. ஒலிவாங்கியை டத்தோ அவர்களிடமே கொடுத்துவிட்டு உட்காருகிறேன். வணக்கம்.