இளையவர் முதலில் பேசட்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகப் பெருமக்களே, தொழிற்சங்கப் பிரதிநிதிகளே, பணியில் புதிதாகச் சேர்ந்துள்ள இளைய தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய துணைத் தலைவர் அவர்கள் இலக்குகளைப் பற்றி விரிவாக எடுத்துரைத்து என் வேலையை எளிதாக்கிவிட்டார்கள். அவர்களுக்கும், என்னை அழைத்த விழாக் குழுவினருக்கும் நன்றி.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். குழுவைத் திறம்பட நடத்த விரும்பும் தலைவருக்கு மூன்று கடமைகள் உண்டு: செவிகொடுத்தல், பொறுப்பைப் பகிர்தல், பாராட்டுதல். முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம் புறப்பட ஆயத்தமாக நின்ற அதே ஓடுபாதையில், பான் ஆம் நிறுவனத்தின் மற்றொரு 747 பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் மூத்தவர். புறப்பாட்டு அனுமதி கிடைக்கும் முன்பே அவர் விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதி, 583 பேர் மாண்டார்கள். அந்தப் பொறியாளரின் ஐயம் சரியானது, நண்பர்களே! மூத்தவரை இரண்டாம் முறையும் கேட்கும் உரிமை இளையவருக்கு உண்டு என்ற வழக்கம்தான் அந்த விமானி அறையில் இல்லை என்று நான் கருதுகிறேன்.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே, விமானி அறையில் எவரும் ஐயத்தைத் துணிந்து சொல்லவும், தலைவர் அதைக் கேட்கவும் முறையான பயிற்சி பிறந்தது. 1989-இல் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று நடுவானில், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்தது. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் தம் குழுவினர் அனைவரின் யோசனையையும் கேட்டதோடு, பயணியாக வந்திருந்த, மற்றவர்களுக்குப் பயிற்சியளிக்கும் விமானி ஒருவரிடம் எஞ்சின் விசைகளையே ஒப்படைத்தார். விமானம் தரையில் மோதிச் சிதறியது. ஆயினும் 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். தனிமரம் தோப்பாகாது என்பதை அறிந்த தலைவர் அவர்.

பேராசிரியர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல எவரும் அஞ்சவில்லை என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம்.

பொறுப்பைப் பகிர்வது குறித்தும் பாராட்டு குறித்தும் விரிவாகப் பேச நேரமில்லை. அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். எனினும் நான் செல்லும் மேடைதோறும் வைக்கும் கோரிக்கையை இங்கும் வைக்கிறேன். உங்கள் கூட்டங்களில் பணியில் மிக இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவரின் கருத்து முதலில் வந்துவிட்டால், மற்றவர்கள் அதைத் தழுவியே பேசுவார்கள். தனிமரம் தோப்பாகாது என்று சுவரில் எழுதி வைத்துவிட்டு, கூட்டம் முழுவதும் ஒருவரே பேசுவது நியாயமில்லை. இதை எழுத்துப்பூர்வமான நடைமுறையாக்கி, நாளைக் காலை நடக்கும் முதல் கூட்டத்திலிருந்தே தொடங்குங்கள் என்று முன்வரிசைப் பெருமக்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.