கிளியர் பிரேஸா, அலைனரா? பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கேள்வி

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது 26. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட். மேலே ஒரு தெத்துப்பல், கீழே முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. "இன்னும் 10 மாதத்தில் கல்யாணம் டாக்டர். வெளியே தெரியாமல் கிளியர் பிரேஸ் போடலாமா, இல்லை கழற்றி மாட்டுகிற அலைனரா? எது சீக்கிரம் முடியும்? ஆன்லைனில் மலிவாக வருகிறதே, அதை வாங்கலாமா?" என்று கேட்கிறார். கிளியர் பிரேஸ் என்றால் பல்லின் மேல் பீங்கான் பொத்தான்களை ஒட்டி, அவற்றில் கம்பியைக் கட்டுவது. அலைனர் என்றால் பல் வரிசை மேல் மாட்டுகிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறை.

முதலில் கல்யாணத்தைப் பேசிவிடுவோம். வாயைப் பார்க்காமலே 10 மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பல் நகர்வது எலும்புக்குள் நடக்கிற வேலை. அழுத்தம் விழுகிற பக்கம் எலும்பு கரைய வேண்டும், மறுபக்கம் புதிதாக வளர வேண்டும். இடம் போதாமல் பல்லை எடுக்க வேண்டி வந்தால் ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம். மணமேடையில் அலைனரைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கலாம், அது உண்மைதான். அந்த ஒரு நாளுக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சரி, என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரு நாளில் எத்தனை தடவை வாயில் எதையாவது போடுகிறீர்கள்? சிரிப்பார்கள். ஆனால் பாதி முடிவு அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். ஒரு செட் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுவிட்டு அடுத்த செட்டுக்குப் போக வேண்டும். 22 மணி என்றால் மிச்சம் 2 மணிதான். காலையில் பசியாற 20 நிமிடம், வேலையிடத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி, ராத்திரிச் சாப்பாடு, ஒவ்வொரு தடவையும் பல் துலக்குகிற நேரம், எல்லாம் அந்த 2 மணிக்குள் அடங்க வேண்டும். இதில் நண்பர்களோடு மாமாக் கடையில் ஒரு தே தாரிக் என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

"போட்டுக்கொண்டே குடித்தால் என்ன?" என்று கேட்பார்கள். வேண்டாம். சீனியும் பாலும் பிளாஸ்டிக்குக்கும் பல்லுக்கும் நடுவில் தேங்கிக்கொள்ளும். எச்சில் ஊறி அதைக் கழுவவும் வழியில்லை. பல் நேராக வரும், கூடவே சொத்தையும் வரும். அதைப் போட்டிருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும்தான். சுடுதண்ணீரில் கழுவவும் கூடாது, வடிவம் மாறிவிடும்.

அப்புறம் டிஷ்யூ கதை. நாசி கண்டார் கடையில் கழற்றி, டிஷ்யூவில் சுற்றித் தட்டோரம் வைப்பது, மேசை துடைக்க வருகிறவர் தட்டோடு அள்ளிக்கொண்டு போவது. என்னிடம் வந்த ஒரு தம்பி கடைக்குப் பின்னால் குப்பைப் பையைக் கிளறி எடுத்திருக்கிறார், மீன் முள்ளோடு! கழற்றினால் நேராக டப்பாவுக்குள் போக வேண்டும். டப்பா இல்லையென்றால் கழற்றாதீர்கள்.

கிளியர் பிரேஸில் இந்தத் தொல்லை இல்லை. பல்லில் ஒட்டியது ஒட்டியதுதான், நீங்கள் மறந்தாலும் அது மறக்காது. ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டில் மஞ்சள் இருக்கிறதே! பீங்கான் பொத்தானில் கறை அவ்வளவாகப் பிடிக்காது. கம்பியை அதோடு கட்டுகிற குட்டி ரப்பர் வளையம் இருக்கிறது பாருங்கள், அதில்தான் பிடிக்கும். புதிதாக மாட்டி அனுப்புகிறோம், கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே ஒரு மீன் தலைக் கறி, மறுநாள் பார்த்தால் பல் முழுக்க மஞ்சள் பொட்டு. அடுத்த சந்திப்புக்கு நாலைந்து வாரம் இருக்கும், அதுவரை அப்படித்தான். அதனால் நிறமில்லாத வளையம் வேண்டாம், லேசான சாம்பல் நிறத்தில் கேளுங்கள். வளையமே தேவைப்படாத, மூடி வைத்த பொத்தானும் உண்டு. கம்பி மட்டும் எப்படியும் கொஞ்சம் தெரியும். முழுதாக மறைகிற பிரேஸ் என்று நினைத்து வராதீர்கள்.

இன்னொன்று: பீங்கான் நம் பல்லின் எனாமலைவிடக் கடினமானது. கடிக்கும்போது மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடுகிறவர்களுக்குக் கீழ் வரிசையில் அதை ஒட்டினால், மேல்பல் அதில் உரசித் தேயும். அவர்களுக்கு மேலே பீங்கான், கீழே உலோகம் என்று போடுவோம். கீழ் வரிசை அதிகம் தெரிவதும் இல்லை.

இனி உங்கள் தெத்துப்பல். அது பெரும்பாலும் கோரைப்பல்லாகத்தான் இருக்கும். மேலே ஏறி நிற்கிற பல்லைக் கீழே இழுப்பதும், உருண்டையான பல்லைத் திருப்புவதும் அலைனருக்குச் சிரமமான வேலைகள், ஏனென்றால் பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காது. அதற்காகப் பல்லின் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டு ஒட்டுவோம். பல்லை எடுத்து இடைவெளியை மூட வேண்டியிருந்தால் வேரையும் சேர்த்து நகர்த்த வேண்டும், அங்கே கம்பிக்குத்தான் கை ஓங்கும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், ஷிப்ட் வேலையையும் தெத்துப்பல்லையும் சேர்த்துப் பார்க்கையில், என் மனம் பிரேஸ் பக்கம்தான் சாய்கிறது. எக்ஸ்ரே பார்த்த பிறகு மாறினாலும் மாறும்.

ஆன்லைன் விஷயம். தபாலில் அலைனர் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பாதியில் நின்றவர்கள் பலர். நம் மலேசியாவில் வேறு, அழகு நிலையத்திலும் வாடகை அறையிலும் கம்பி ஒட்டுகிறார்கள், சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும். ஈறு வீங்கி, பல் ஆடிக்கொண்டு வருகிறவர்களைச் சரிசெய்ய மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகம் செலவாகும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பேசிய தொகையில் நேரான பல்லை அப்படியே பிடித்து வைக்கக் கடைசியில் தருகிற ரிடெய்னரும் சேர்த்தியா என்றும் கேளுங்கள். அதை ராத்திரியில் போடாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கே நடந்து போய்விடும்.

கேள்விக்குக் கீழேயே இன்னொருவர், "பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பிரேஸ் என்றால் கூடாது. அலைனர் என்றால் கழற்றிவிட்டுச் சாப்பிடலாம், ஆனால் பிடி கிடைக்கப் பல்லில் ஒட்டிய அந்தப் பொட்டு பெயர்ந்துவிடும், அதனால் துண்டாக நறுக்கிக் கடைவாயில் போட்டு மெல்லுங்கள். மென்றதும் பல் துலக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.