பூட்டுப் படத்தைப் பார்த்துத்தான் கார்ட் நம்பரைப் போட்டார்… 48,000 ரூபா போச்சு!

வணக்கம் மக்களே! எங்கள் வெள்ளவத்தை அன்ரியின் போனுக்கு ஒரு மெசேஜ். “உங்கள் பார்சல் வந்துவிட்டது. முகவரி பிழை. 75 ரூபா கட்டவும்.” 75 ரூபாதானே என்று அன்ரி லிங்க்கைத் தட்டினார். மேலே தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். இருந்தது. கார்ட் நம்பர் போட்டார், ஓடிபியும் போட்டார். போனது 48,000.

பூட்டை நம்பியதுதான் பிழை. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. தளமே கள்ளனுடையது என்றால், காசைப் பெட்டியில் பூட்டி அவன் கையிலேயே கொடுத்த மாதிரி. அந்தப் பூட்டுக்கான சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ போன்ற அமைப்புகள் இலவசமாகவே கொடுக்கின்றன, கள்ளனும் வாங்கலாம். 2021இல் கூகுள் செய்த ஆய்வில் பூட்டின் அர்த்தத்தைச் சரியாகச் சொன்னவர்கள் வெறும் 11 வீதம். 2023இல் கம்ப்யூட்டரில் ஓடும் அவர்களுடைய குரோம் பிரவுசரில் பூட்டையே கழற்றிவிட்டார்கள். நல்ல வேலை!

அப்போ எதைப் பார்ப்பது? தளத்தின் இணைய முகவரியை. அதுவும் பின்னாலிருந்து.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். “உங்களிடம் வாங்கிய பத்தாயிரத்தை நாளைக் காலையிலேயே வீட்டுக்கு வந்து கையில்…” தருவேனா, தரமாட்டேனா? கடைசிச் சொல் வரும்வரை உங்களுக்குத் தெரியாது. தமிழில் வினை கடைசியில்தான் உட்கார்ந்திருக்கும். இணைய முகவரியும் அப்படியே!

(திரையில் முகவரி)

‘போஸ்ட் டொட் கவ் டொட் எல்கே டொட் பார்சல்ஃபீ டொட் டொப்’, பிறகு ஒரு சாய்கோடு. ஆரம்பத்தில் எச்டிடிபிஎஸ் பக்கத்தில் நிற்கிற இரட்டைக் கோட்டை விடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் கோட்டில் விரலை வைத்து, அப்படியே பின்னோக்கி வாங்க. டொப்… பார்சல்ஃபீ… நில்லுங்கள். இதுதான் சொந்தக்காரர். முன்னால் இருக்கிற ‘கவ் டொட் எல்கே’ எல்லாம் அவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. செட்டியார் தெருவில் நகைக்கடைப் பலகை மாட்டிவிட்டு உள்ளே கவரிங் விற்கிற மாதிரி. உண்மையான அரசாங்கத் தளம் என்றால் ‘கவ் டொட் எல்கே’ அந்தக் கோட்டுக்கு முன்னால், கடைசியாக நிற்கும். போனில் முகவரி பாதிதான் தெரிகிறதா? அதன் மேலே ஒருதரம் தட்டுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: ‘டொட் இலங்கை’ என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற முகவரி 2010 முதல் நமக்கு இருக்கிறது. பாவித்தவர்கள் யாராவது இருந்தால் கமென்ட்டில் வாங்க, ஆசையாக இருக்கிறது.

அப்புறம் ஓடிபி. அந்த மெசேஜில் எவ்வளவு காசு, எந்தக் கடை என்று பெரும்பாலும் இருக்கும். நாம் ஆறு இலக்கத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறோம். அன்ரியின் மெசேஜிலும் 48,000 என்றுதான் இருந்தது!

ஒன்லைன் கடைக்கென்று கொஞ்சக் காசு மட்டும் போடுகிற தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல், கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு உடனே எடுத்து கார்டை நிறுத்துங்கள்.

நேற்று இந்த சேனலின் லிங்க்கை அன்ரிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: “பின்னாலிருந்து வாசிச்சிட்டன் தம்பி. இது யூரியூப்தான். ஆனா அனுப்பினது நீதானா?”