செய்யாறு பிறக்கும் ஜவ்வாது மலைக்கு: வேலை போன ஒரு நேயரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் நிறைய கேள்விகள் வந்திருந்தன. அதில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். தாம்பரத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார், அப்படியே படிக்கிறேன்.

"எனக்கு 46 வயது. 19 வருடம் ஒரே கம்பெனியில் இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மெயின் ரோட்டை விட்டுவிட்டுக் கிராமத்து வழியாகவே தனியாக பைக்கில் எங்காவது போய்வந்தால் ஒரு தெளிவு கிடைக்கும் என்று தோன்றுகிறது. என்னிடம் இருப்பது 100 சிசி ஸ்ப்ளெண்டர். மனைவி வேண்டாம் என்கிறார். போகலாமா? போவதென்றால் எந்த வழி?"

போகலாம். ஆனால் தெளிவு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் அப்படிப் போய்த்தான் வெறுங்கையோடு திரும்பினேன்.

நான் 21 வருடம் ஒரு அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவன். 2016இல் அச்சகத்தை மூடினார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால்தான் அம்மா காலமானார். இரண்டும் சேர்ந்து வந்ததில், காலையில் எழுந்தால் எங்கே போவது, யாரிடம் போய் உட்காருவது என்றே தெரியவில்லை. ஒருநாள் பைக்கை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலையில் கிருஷ்ணகிரி வரைக்கும் போனேன். திரும்பி வருவதற்குள் ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நேர் ரோடு, ஒரே வேகம், ஒரே சத்தம். கைக்கு வேலையே இல்லை. கைக்கு வேலை இல்லாதபோது மனசு என்ன செய்யும்? வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு எதையெல்லாம் நினைத்தேனோ, அதையேதான் ஹெல்மெட்டுக்குள்ளும் நினைத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முதுகுவலிதான் மிச்சம்.

இரண்டாவது தடவை போனது சின்ன ரோட்டில். அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஆட்டு மந்தை வரும், வெள்ளை அடிக்காத வேகத்தடை வரும், கரும்பு டிராக்டர் வரும். வழி தெரியாமல் நின்று யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் கிராமத்து வழி என்று கேட்டதே அதனால்தான் எனக்குப் பிடித்தது. ஆகவே முடிவு எடுக்கும் வேலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அது எங்கேயும் ஓடிவிடாது.

சரி, வழி. நீங்கள் தாம்பரம் என்பதால் நான் போன வழியையே சொல்கிறேன். ஒரு ஆறு சேரும் இடத்தில் தொடங்கி, அது பிறக்கும் மலை வரைக்கும் போகிற வழி இது. அந்த ஆறு செய்யாறு.

செங்கல்பட்டு வரைக்கும் பெரிய ரோடுதான், வேறு வழியில்லை. அங்கிருந்து காஞ்சிபுரம் ரோட்டில் திரும்பினால் வாலாஜாபாத்துக்கு முன்னால் பழையசீவரம் வரும். பாலாற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும், தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் கரையிலேயே வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய ஒரு நீளமான கல்வெட்டு உண்டு. அந்தக் கோயிலில் ஒரு பள்ளியும், 15 படுக்கை கொண்ட ஒரு ஆதுலர் சாலையும் நடந்த கணக்கு அதில் இருக்கிறது. ஆதுலர் சாலை என்றால் நோயாளிகளைப் பார்க்கும் இடம், ஆஸ்பத்திரி. மருத்துவருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை பறித்துக்கொண்டு வருகிறவருக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வேலைக்கும் கூலி எழுதியிருக்கிறார்கள். எழுத்தைக் கண்டால் அச்சகத்துக்காரனுக்குக் கால் நின்றுவிடும். அந்தப் பழைய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, இந்த விவரம் மட்டும் முன்பே தெரியும். மூலிகை பறிக்கிறவர் வரைக்கும் விடாமல் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று, கையை அந்தக் கல்லில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அங்கிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம். காஞ்சிபுரத்தில் நின்றால் அன்றைக்குப் பொழுது போய்விடும், கோயில்களை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டிச் செய்யாறு ரோட்டில் மாமண்டூர் ஏரி வரும். பல்லவர் காலத்து ஏரி, பக்கத்துப் பாறையில் அவர்கள் குடைந்த குகைக் கோயில்கள். கட்டிக் கொண்டுவந்த சாப்பாட்டை ஏரிக்கரையில் பிரித்துச் சாப்பிடலாம்.

அப்புறம் செய்யாறு. ஊரின் பழைய பெயர் திருவோத்தூர், அங்கே வேதபுரீசுவரர் கோயில் இருக்கிறது. காய்க்காத ஆண்பனைகள் சம்பந்தர் பாடியதும் காய்த்தன என்பது அந்தக் கோயிலின் கதை. அதற்கடுத்து ஆரணி. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. ஆரணியிலிருந்து போளூர். இந்த ரோடெல்லாம் வயல், ஏரிக்கரை, பனைமரம்தான். போகப் போக மேற்கே மலை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும்.

ஒரே நாளில் மலை ஏற வேண்டாம். போளூரில் தங்குங்கள், சாதாரண லாட்ஜ்கள் கிடைக்கும். சின்ன ரோட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரி என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் கணக்குப் போட்டால் வழியில் எங்கேயும் நிற்க மனம் வராது.

மறுநாள் காலையில் போளூரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு அத்திமூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் நடு ஊர் அதுதான். மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள் இருக்கிற மலை. கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ். சாமை, கொள்ளு, பலா, புளி, தேன், இவைதான் அவர்கள் பிழைப்பு. நான் போனது மாசி மாதம். காடு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பாறையும் கிளையுமாக நின்றது. பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆவணிக்கு மேல் போங்கள். ஆனால் எனக்கு அந்த மொட்டை மலை அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். ஒரு பாட்டி கொட்டை எடுத்த புளியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். நாலைந்து மாதமாக இந்தக் கேள்விக்கு நான் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். லீவில் இருக்கிறேன், வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், இப்படி ஏதாவது. அன்றைக்கு என்னமோ, "வேலை போயிடுச்சு பாட்டி" என்று வாயில் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்போ கை சும்மாதானே இருக்குது, இந்தப் பக்கம் வந்து மூட்டையைப் பிடி" என்றார். பிடித்தேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது. மினி லாரி வருகிற வரைக்கும் ஏழு மூட்டை கட்டினோம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு யார் கேட்டாலும் வேலை போய்விட்டது என்று நேராகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்த ஒருவர், சின்ன பைண்டிங் கடை ஒன்றைக் கூட்டாக நடத்தலாமா என்று கேட்டார். லீவில் இருக்கிறேன் என்று சொல்கிறவனிடம் அதை யார் கேட்பார்கள்? மூட்டை கட்டும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, கையில் புளி பிசுபிசுத்ததுதான் தெரிந்தது.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் ரோட்டில் இறங்கினால் வழியில் காவலூர். வானிலை ஆய்வு இல்லை, வானியல் ஆய்வு நடக்கிற இடம். பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடம். வைணு பாப்பு என்ற வானியலாளர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இருட்டான வானம், பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கினார்கள். இங்கேயே 2.34 மீட்டர் குறுக்களவில் பெரிய தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே செய்து நிறுத்த வேண்டும் என்பது அவருடைய திட்டம். வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1982இல் அவர் காலமாகிவிட்டார். மற்றவர்கள் முடித்து, 1986 ஜனவரியில் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பெரிய வெள்ளைக் கூண்டுக்குக் கீழே நின்றபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவர் போட்டு வைத்திருந்த மாவடு ஜாடியை அவர் போன பிறகு நாங்கள்தான் திறந்து சாப்பிட்டோம்.

பார்வையாளர்களைச் சனிக்கிழமைகளில் விடுவார்கள். போவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு வானம் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் தெரியாத மலையில் இருட்டில் தனியாக இறங்கக் கூடாது என்று ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரவு வாணியம்பாடியில் தங்கிவிட்டு, மறுநாள் ஆம்பூர், வேலூர் வழியாகப் பெரிய ரோட்டிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம்.

வண்டி பற்றி. 100 சிசி தாராளமாகப் போதும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன்னால் செயினை இறுக்கி எண்ணெய் போடுங்கள், பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், டயரின் கோடுகளைப் பாருங்கள். ஒரு கிளட்ச் கேபிளும் ஒரு டியூபும் பையில் இருக்கட்டும். மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. வளைவில் மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

தை, மாசியில் போனால் இன்னொன்று. கிராமத்து ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி ஏறிக் கதிரடிக்கட்டும் என்று. காருக்கு அது ஒன்றுமில்லை. பைக்குக்கு ஆபத்து. கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். போளூருக்கு முன்னால் எனக்குச் சுற்றியது. மெதுவாகப் போனதால் விழவில்லை, ஆனால் கத்தரிக்கோல் கொண்டு அரை மணி நேரம் அறுத்தெடுத்தோம். அந்த வீட்டுக்காரர்களே வந்து எடுத்துக் கொடுத்து மோரும் கொடுத்தார்கள். அப்படிப் பரப்பியிருந்தால் ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தூக்கம் வருகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. வேலை போன புதிதில் பலருக்கு ராத்திரி தூக்கம் இருக்காது, எனக்கும் இல்லை. சரியாகத் தூங்காத உடம்போடு வண்டி எடுக்கவே கூடாது. தொடர்ந்து நாலைந்து நாள் நன்றாகத் தூங்கிய பிறகு நாள் குறியுங்கள். தூக்கமே வரவில்லை என்றால் பயணத்தை விடுங்கள், முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, மனைவி வேண்டாம் என்கிறார் என்றீர்கள். என் மனைவியும் அதையேதான் சொன்னார். அவர் பயந்தது ரோட்டை நினைத்து இல்லை, அப்போது நான் இருந்த நிலையை நினைத்து. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவரைச் சமாதானப்படுத்த நான் செய்தது ஒன்றுதான். ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி, எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் செய்வேன், நீ டிக் அடித்துக்கொள் என்றேன். திரும்பி வந்து பார்த்தபோது எல்லா ஊருக்கும் டிக் இருந்தது. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் 11.10, 11.25, 11.40, 12.05 என்று எழுதியிருந்தார். நான் புளி மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். அங்கே சிக்னல் இல்லை. அவர் கூப்பிட்டுப் பார்த்த நேரங்கள் அவை.

அதனால் தாளை எழுதிக் கொடுங்கள். அத்திமூரில் மலை ஏறுவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இனிமேல் சில மணி நேரம் போன் கிடைக்காது, மேலே போனதும் நானே கூப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.