பாலியில் கடலை விட்டு உள்ளே போங்கள்

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

பாலிக்குப் போகிறேன் என்று சொன்னால் டூர் ஏஜென்டு முதலில் நீட்டுவது கடற்கரைப் படம். கூட்டா, செமின்யாக், நுசா துவா. போகட்டும், கடலை வேண்டாம் என்பவர் யார்? ஆனால் பாலிக்காரர்கள் தங்கள் வாழ்க்கையைக் கடலைப் பார்த்து அமைத்துக்கொண்டவர்கள் இல்லை. அவர்களுக்கு மேலான திசை மலை. அகுங் எரிமலையும் பாத்தூர் ஏரியும் இருக்கும் பக்கம். கடல் கீழான திசை. அஸ்தி கரைப்பதும் தீட்டுக் கழிப்பதும் அங்கேதான். ஆகவே அந்தத் தீவு பிடிபட வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். உள்ளே என்றால் உபுட் என்ற ஊர், அதைச் சுற்றியுள்ள கியான்யார் வட்டாரத்துக் கிராமங்கள்.

விமான நிலையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், நெரிசலில் இன்னும் கூடும். காலையில் கிளம்பி, குரங்குக் காட்டில் ஒரு படம், தெகல்லாலாங் படிவயலில் ஊஞ்சலாடி ஒரு படம், மாலையில் கடற்கரை ஓட்டலுக்குத் திரும்பிவிடுவது. பெரும்பாலோர் உபுட்டைப் பார்ப்பது இப்படித்தான். என் கட்சி என்னவென்றால், அங்கே பார்க்க வேண்டியதில் பாதி காலை ஏழு மணிக்கு முன்னால் நடக்கிறது, மீதி இருட்டிய பிறகு நடக்கிறது. தங்கினால் ஒழிய அது கண்ணில் படாது.

எங்கே தங்குவது? குடும்பங்கள் தங்கள் வளவுக்குள்ளேயே சில அறைகளைக் கட்டி ஹோம்ஸ்டேயாக விடுகிறார்கள். நீச்சல்குளம் வைத்த வில்லாவைவிட வாடகை குறைவு. எனக்கு அது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் அந்த வீடு.

பாலி வீடு ஒரே கட்டடம் இல்லை. சுற்றுமதிலுக்குள் தனித்தனி மண்டபங்கள், நடுவே முற்றம். வாசலைத் தாண்டியதும் ஒரு குட்டைச் சுவர் நேரே மறிக்கும். அதைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும். கெட்ட ஆவிக்கு நேராகத்தான் வரத் தெரியும், வளையத் தெரியாது என்பது நம்பிக்கை. மலையும் சூரியோதயமும் சேரும் மூலையில் குடும்பக் கோயில். உபுட்டில் அது வடகிழக்கு, அதாவது நம் ஈசானிய மூலை. உடனே நம்ம வாஸ்துதான் என்று பூரித்துவிடாதீர்கள். தீவின் வடகரைக்குப் போனால் மலை தெற்கே வந்துவிடுகிறது. கோயில் மூலையும் கூடவே தெற்குப் பக்கம் மாறிவிடுகிறது. வடக்கு தெற்கை மலைதான் முடிவு செய்கிறது.

விடிந்ததும் வீட்டுப் பெண் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு தாம்பாளத்தோடு வருவார். அதில் தென்னங்குருத்தோலையை மூங்கில் சிம்பால் குத்திச் செய்த சின்னச் சின்னத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து மடித்த ஒரு துணுக்கு. மேலே திசைக்கொரு நிறத்தில் பூ. கோயிலில் ஒன்று, வாசலில் ஒன்று, அடுப்பில் ஒன்று, ஸ்கூட்டர் சீட்டில்கூட ஒன்று. ஊதுபத்தி செருகி, பூவை நனைத்துத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் புகையை மெல்லத் தள்ளுவார். தரையில் வைப்பது பூதங்களுக்கு. சோறு ஆக்கியதும் வாழையிலைத் துண்டில் துளித்துளி வைத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள், நம் வீடுகளில் காக்கைக்கு வைப்பது போல. கொஞ்ச நேரத்தில் கோழியும் நாயும் வந்து தின்றுவிடும். படைத்தது படைத்தாயிற்று, யாரும் விரட்டுவதில்லை.

இனி வயலுக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படிவயலைப் பார்த்து இயற்கை அழகு என்கிறோம். அதில் இயற்கை கொஞ்சம், ஏற்பாடு நிறைய. ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகளின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அது இருக்கிறது. இன்றும் தீவில் 1,000க்கு மேற்பட்ட சுபாக்குகள் உண்டு. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும், அதில் வெட்டுகள் இருக்கும். யாருக்கு எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்கு வெட்டின் அகலம். பூட்டும் சாவியும் தேவையில்லை, தண்ணீர் தானே பிரிந்து ஓடும். தலைமடை கடைமடைச் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கட்டையின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். நான் நின்றேன்.

எந்த சுபாக் எப்போது நடவு செய்வது என்பதை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் ஏரித் தெய்வத்தின் கோயில், புரா உலுன் தனு பாத்தூர். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் எங்கேயாவது எப்போதும் பச்சைப் பயிர் நிற்கும், பூச்சிக்குக் கொண்டாட்டம். கோயில் கணக்கு இரண்டுக்கும் நடுவில் போகிறது. அடுத்தடுத்த சுபாக்குகள் ஒன்றாக நட்டு, ஒன்றாக அறுத்து, வயலை ஒன்றாகத் தண்ணீரில் சும்மா போடும். பூச்சிக்குப் போக்கிடம் இருக்காது. அந்த நாட்களில் வாத்து மேய்ப்பவர் வெள்ளைத் துணி கட்டிய ஒரு கம்பை வயலில் நட்டுவிட்டுப் போய்விடுவார். வாத்துகள் சாயங்காலம் வரை அந்தக் கம்பை விட்டு நகராது.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புது ரகம், உரம், மருந்து, வருடத்துக்கு எத்தனை போகம் முடியுமோ அத்தனை. கோயில் முறை ஓரங்கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் தண்ணீர்த் தகராறும் புகையான் பூச்சியும் சேர்ந்து வந்தன. புகையான் என்றால் என்னவென்று தஞ்சாவூர்ப் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் ஆறு, மழை, பூச்சி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். நல்ல விளைச்சல் தந்த ஏற்பாடு கோயில் முறையை ஒட்டியே இருந்தது. 2012ல் யுனெஸ்கோ சுபாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சரி, சேர்த்தாயிற்று. அப்புறமும் வயல் பார்த்த அறைகளை வயலிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நிலத்தை விற்றால் அவருக்குக் கீழே இருப்பவரின் வாய்க்காலும் சிக்கலாகிறது. ஹோம்ஸ்டேயைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டிய பிறகு நடப்பது ஆட்டமும் கமெலான் இசையும். ராமாயணக் கதையை வாத்தியமே இல்லாமல், வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் 'சக் சக்' என்று குரல் கொடுத்து ஆடும் கெச்சாக் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆயிரம் வருடப் பழமை என்று நினைக்காதீர்கள். பழைய சாமியாட்டச் சடங்கு ஒன்றிலிருந்து 1930களில் உருவான வடிவம் அது. பெடுலு கிராமத்து வயான் லிம்பாக்கும், உபுட்டில் குடியேறிய ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸும் அதில் பங்கெடுத்தவர்கள். இதே ஸ்பீஸும், உபுட் அரச குடும்பத்துச் சொகோர்தா சுகாவதியும், லெம்பாட் என்ற பெரும் கலைஞரும் மற்றவர்களும் சேர்ந்து 1936ல் பித்தா மகா என்ற ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த ஓவியங்களைப் பார்க்க 1956ல் திறந்த புரி லுகிசான் அருங்காட்சியகம் இருக்கிறது. அப்படியானால் டிக்கெட் ஆட்டமெல்லாம் போலியா என்று ஒரு நண்பர் கேட்டார். டிக்கெட்டுக்கு ஆடுகிறவர்களே ஊர்க்கோயில் திருவிழாவிலும் ஆடுகிறார்கள். எனக்கு அது போதும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களும் இந்துக்கள்தானே என்று உரிமையோடு கோயிலுக்குள் நுழைய வேண்டாம். சாரோங்கும் இடுப்புத் துண்டும் கட்டாமல் விடமாட்டார்கள். திருவிழா விருந்தில் பன்றிக்கறி இருக்கும், முகம் சுளிக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சோயாவில் செய்த டெம்பே, டோஃபு, அப்புறம் காய்கறி எல்லாம் உண்டு. சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் மட்டும் இறால் விழுது கலந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தம்பாக்சிரிங்கில் பாறையில் குடைந்த குனுங் காவி சன்னதிகளை வெயில் ஏறுவதற்குள் பாருங்கள், திரும்பி ஏற நிறையப் படிகள்.

கடைசியாகத் தேதி. சக ஆண்டுக் கணக்கில் அவர்களுடைய புத்தாண்டு ஞெப்பி, பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று 24 மணி நேரம் யாரும் தெருவில் இறங்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. ஊர்க்காவலர்கள் சுற்றி வருவார்கள். சுற்றுலாப் பயணிக்கும் விலக்கில்லை. விமான நிலையமே மூடிக்கிடக்கும். முந்தின நாள் இரவு பிரமாண்ட அரக்கப் பொம்மைகளின் ஊர்வலம் இருப்பதால் அந்தச் சமயத்தில் அங்கே இருப்பது நல்லதுதான். டிக்கெட் போடும்போது மட்டும் ஞெப்பி அன்று போய் இறங்குவதாகப் போட்டுவிடாதீர்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.